நான்கு நிமிடத் தாய்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "முப்பது வருஷம் மாடும் ஆடும் பார்த்தவங்க, இன்னைக்கு முயலைப் பத்திப் பேசப் போறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நியாயம்தான். கால்நடை மருந்தகத்து வாசலில் காலையில் வரிசை கட்டி நிற்பது மாடும் ஆடும். அதற்குப் பின்னால் கோழிக்கூடை. முயலைக் கொண்டுவருகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களும் அதைக் கட்டைப்பைக்குள் வைத்து, ஏதோ கடத்தல் பொருள் மாதிரி மறைத்துக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே வருவார்கள். ஆனால் என் வேலைக்காலத்தில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது மாடல்ல, முயல்தான்.

முயல் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "டாக்டரம்மா, ராத்திரி குட்டி போட்டிருச்சு. ஆறு குட்டி. தாய் சேர்க்கவே மாட்டேங்குது. கிட்டயே போகல, மூலையில போய் உட்கார்ந்திருக்கு. என்ன பால் குடுக்கலாம்?"

'சேர்க்கல' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது மாட்டிலும் ஆட்டிலும் பழகி வந்த சொல். தலையீத்துப் பசு சில சமயம் கன்றை முட்டித் தள்ளும். ஆடு, இரட்டைக் குட்டியில் ஒன்றை நக்கிவிட்டு இன்னொன்றைக் காலால் உதைக்கும். அதுதான் உண்மையில் சேர்க்காதது. அதையே பார்த்துப் பழகிய கண்ணோடு நாம் முயல் கூண்டுக்கு முன்னால் போய் நிற்கிறோம். குட்டிகள் ஒரு பக்கம், தாய் இன்னொரு பக்கம். பகல் முழுக்கப் பார்த்தாலும் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பை நானும் ஒருமுறை எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு ஆசிரியர் வீட்டில், பிள்ளைகளுக்காக வாங்கிய வெள்ளை முயல். அது ஐந்து குட்டி போட்டிருந்தது. மதியம் போய்ப் பார்த்தேன், சாயங்காலம் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் தாய் கூண்டின் எதிர்மூலையில் அசை போடுவது மாதிரி வாயை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் படித்த படிப்பில் முயலுக்கு ஒதுக்கிய பக்கங்கள் சொற்பம். "தாய் ஒதுக்கிடுச்சு சார், எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இங்க் ஃபில்லரால் புகட்டச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா பாவம், கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி ராத்திரி அலாரம் வைத்து எழுந்து புகட்டினார்கள். மூன்றாம் நாள் குட்டிகளின் வயிறு உப்பியது. நாலாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்ன ஒரு தகவல்தான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. குட்டிகளை எடுத்த மறுநாள் விடியற்காலை, அந்தத் தாய் முயல் காலிப் பெட்டிக்குள் ஏறி, வைக்கோல் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாம். பிறகு இறங்கிப் போய்விட்டதாம். "எதுக்கு டாக்டர் அப்படி நின்னுச்சு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் அச்சில் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. நான்தான் படிக்கவில்லை. 1965இல் 'சயின்ஸ்' இதழில் சாரோ, டெனன்பர்க், ஆண்டர்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார்கள். தாய் முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளில் எத்தனை முறை பால் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு முறை என்பது அவர்கள் கண்ட விடை. அதுவும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. மீதியுள்ள இருபத்துமூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடமும் அது குட்டிகள் பக்கம் போவதில்லை.

ஏன் என்று கேட்டால், அதன் பூர்வீகத்துக்குப் போக வேண்டும். நம் வீட்டுக் கூண்டில் இருக்கும் முயலுக்கு மூதாதை, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வளைமுயல். அது மண்ணுக்குள் வளை தோண்டி, புல்லை மெத்தையாக்கி, வயிற்று முடியைத் தானே பிடுங்கிப் போட்டுக் குட்டி போடும். முயலுக்கு நகமோ பல்லோ ஆயுதம் கிடையாது. நரியை எதிர்த்து நின்று குட்டியைக் காப்பாற்றவும் முடியாது. அதனால் செய்யக்கூடியது ஒன்றுதான்: குட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. பால் கொடுத்து முடித்ததும் வெளியே வந்து, வளை வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதன் வாசனையே குட்டிக்கு எமனாகிவிடும். நம் கூண்டில் வளையும் இல்லை, நரியும் இல்லை. தொலைவாகப் போகவும் வழியில்லை. மூலைதான் இருக்கிறது. அங்கே போய் உட்காருகிறது. அதைத்தான் நாம் 'சேர்க்கல' என்கிறோம்.

இன்னொரு புகாரும் வரும்: "ஒரு குட்டியைத் தூக்கி வெளியில போட்டிருச்சு." பூனையும் நாயும் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்த கண் அது. முயல் குட்டியைக் கவ்வித் தூக்கும் வழக்கமே கிடையாது. தூக்கி வெளியே போடவும் போடாது, வெளியே கிடக்கும் குட்டியை எடுத்து உள்ளே வைக்கவும் வைக்காது. நடந்தது வேறு. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி காம்பை விடாமல் பிடித்திருக்கும். தாய் பெட்டியை விட்டுத் தாவும்போது கூடவே தொங்கிக்கொண்டு வந்து வெளியே விழுந்திருக்கும். நீங்கள் எடுத்து உள்ளே வைத்தால் போதும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டில் பழகிய முயலுக்கு அது பொருந்தாது. தினமும் தீவனம் வைக்கிற கைதானே? தயங்காமல் எடுத்து வையுங்கள்.

சரி, அப்படியானால் உண்மையிலேயே பால் கிடைக்காத குட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? தாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். காலையில் ஒருமுறை பெட்டிக்குள் கை விட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு பிங்பாங் பந்து மாதிரி உருண்டிருக்கும். பிறந்த குட்டிக்கு முடி கிடையாது; தோல் மெல்லியது; இரைப்பையில் இருக்கும் பால் வெள்ளைப் பட்டையாக வெளியிலேயே தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டியிருக்கும், தோல் சுருங்கிக் கிழவன் கை மாதிரி இருக்கும், ஓயாமல் நெளியும். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பேறுகால அலுப்பில் முதல் நாள் தாமதமாகப் பால் கொடுக்கும் தாய்களும் உண்டு. இரண்டாம் நாளும் எல்லாக் குட்டிகளும் ஒட்டிய வயிற்றோடு கிடந்தால் அப்போது கவலைப்படலாம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் இரண்டு பிராணிகளைச் சொல்கிறோம். கூண்டில் வளர்வது ஒன்று. நம் கடலைக்காட்டிலும் தரிசிலும் ஓடுகிற காட்டுமுயல் இன்னொன்று. குறளில் அம்பு எய்யப்படுவது இந்தக் காட்டுமுயல்தான். கூண்டு முயல் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. காட்டுமுயல் வளை தோண்டாது. அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்மறைவில் அசையாமல் படுத்திருக்கும். களை எடுக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, தாய் விட்டுட்டுப் போயிருச்சு" என்று மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தாய் விட்டுப் போகவில்லை, இருட்டுவதற்காகக் காத்திருக்கிறது. அந்தக் குட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைப் பிடித்து வளர்ப்பது குற்றமும்கூட.

கூண்டு முயலுக்கு வருகிறேன். உண்மையிலேயே பால் கொடுக்காத தாய்கள் உண்டு. தலையீத்து முயல் சில சமயம் என்ன செய்வது என்று தெரியாமல் கம்பிவலைத் தரையிலேயே குட்டிகளைச் சிதறவிடும். சினைக்காலம் சுமார் 31 நாள். ஆணோடு சேர்த்த தேதியைக் குறித்து வைத்து, 28ஆம் நாள் குட்டி ஈனும் பெட்டியை உள்ளே வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது. தேதி குறிப்பவர் யார்? பெட்டிக்குப் பக்கத்தில் எலி ஓடினால், பாம்பு வாடை அடித்தால், தெருவில் சரவெடி போட்டால் மிரண்டு போகும். குடிக்கத் தண்ணீர் போதாவிட்டால் பால் வற்றும். மடிவீக்கம் வந்தால் வலியில் குட்டியை அண்ட விடாது. இவை எதிலும் பாசக்குறைவு என்று ஒன்றும் இல்லை.

அப்போதும் பால் புட்டியைத் தேடுவது கடைசி வேலை. முதல் வேலை, வேறு தாய் தேடுவது. முயலுக்குத் தன் குட்டி, பிறத்தியார் குட்டி என்று பேதம் பார்க்கத் தெரியாது. இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஈன்ற இன்னொரு முயல் இருந்தால், அதன் பெட்டியில் இருக்கும் முடியைக் குட்டியின் மேல் லேசாகத் தேய்த்து நடுவில் விட்டுவிட்டால் போதும். அடுத்த வேளைக்கு அதற்கும் சேர்த்துப் பால் கொடுத்துவிடும். காம்பு எட்டிலிருந்து பத்து வரை இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர்கள் இதற்காகவே நாலைந்து முயல்களை ஒரே நாளில் சினைக்கு விடுவார்கள்.

வேறு தாய் இல்லை, ஆனால் இந்தத் தாய்க்கே மடியில் பால் இருக்கிறது என்றால், தாயை உங்கள் மடியில் போட்டு அமுக்காமல் பிடித்துக்கொண்டு, குட்டிகளைக் காம்பில் விடலாம். ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம். நாலைந்து நாளில் பல முயல்கள் தாமாகவே வழிக்கு வந்துவிடும். கை வலிக்கும், மேல் சட்டையில் மூத்திரம் போகும். ஆனாலும் எந்தப் பால்மாவும் இதற்கு ஈடாகாது.

ஏன் ஈடாகாது? பசும்பாலில் கொழுப்பு நாலு சதவீதம், புரதம் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, பால்சர்க்கரை ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. முயல்பாலில் கொழுப்பும் புரதமும் பத்துக்கு மேல், பால்சர்க்கரையோ ஒன்றிரண்டுதான். ஒரே வேளையில் ஒரு நாளைக்கானதைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே; தண்ணீராக இருந்தால் கட்டுமா? தாய்ப்பால் குடிக்கும் முயல்குட்டி ஆறேழு நாளில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகிவிடும். மனிதக் குழந்தைக்கு அதற்கு ஐந்து மாதம் வேண்டும். அப்படிப்பட்ட குட்டிக்கு நான் பசும்பாலில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை வேறு போட்டுக் கொடுத்தேன்!

இன்னொன்றும் உண்டு. குட்டியின் இரைப்பையில் தாய்ப்பாலிலிருந்து ஒருவகை எண்ணெய் உருவாகிறது. கேப்ரிலிக், கேப்ரிக் என்று இரண்டு கொழுப்பு அமிலங்கள். கெட்ட கிருமிகளை அவை அடக்கி வைக்கும். வளர்ந்த முயலின் இரைப்பையில் கடும் அமிலம் இருப்பதால் கிருமி பிழைக்காது. குட்டியிடம் அந்த அமிலம் இன்னும் வரவில்லை, இந்த எண்ணெய்தான் காவல். புட்டிப்பாலில் வளரும் குட்டிக்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் வயிறு உப்பிச் சாகிறது. அந்த இரண்டு அமிலங்களின் பெயரும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பசும்பாலைவிட ஆட்டுப்பாலில் அவை அதிகம். நம் ஊரில் அவசரத்துக்கு ஆட்டுப்பால் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். தாய்ப்பாலுக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. பசும்பாலைவிடப் பரவாயில்லை என்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் முயல்குட்டிக்கு யோகம். கன்று பிறந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும், இல்லையென்றால் நோய் எதிர்ப்பு இருக்காது. முயல்குட்டி அந்த எதிர்ப்பை வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. சீம்பால் கிடைக்கவில்லை என்பதற்காக முதல் நாளே கைவிட வேண்டியதில்லை.

இனி நான் பார்த்த ஒரு குட்டியின் கதை. கொடைக்கானல் மேல்மலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களிலும் சிலர் முயல் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு அப்பத்தா. பூண்டு வெள்ளாமை, இரண்டு ஆடு, ஒரு ஜோடி முயல், ஏழாவது படிக்கிற ஒரு பேரன்.

ஜனவரி மாதம். மேல்மலையில் புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும் காலம். பேரன் ஓடி வந்தான். நான் போனபோது ஆறு குட்டியில் இரண்டு கம்பிவலை மேல் விறைத்துப் போயிருந்தன. தாயைத் தூக்கி மடியைத் தொட்டேன். கல் மாதிரி இறுகி, நீலம் பாய்ந்து, சுட்டது. மடிவீக்கம். அதற்கு மருந்து போட்டேன். பால் கொடுக்க அது ஆகாது. வேறு ஈன்ற முயலும் பக்கத்தில் இல்லை. கடைசி வேலைதான் மிச்சம்.

அப்பத்தா அதற்குள் ஆட்டுப்பாலைக் காய்ச்சி, பாலாடையில் ஊற்றி வைத்திருந்தார். ஊரில் பாதிப் பிள்ளைக்குப் பால் புகட்டிய கை அது. "மொதல்ல வயித்துக்கு ஊத்துவோம் டாக்டரம்மா, குளிரு தன்னால விடும்" என்றார்.

"வேண்டாம் அப்பத்தா. சில்லிட்ட உடம்புக்குப் பால் செரிக்காது. முதல்ல சூடு."

முயலின் உடல் சூடு நம்மைவிட இரண்டு டிகிரி கூட, 39 டிகிரி செல்சியஸை ஒட்டி. பிறந்த குட்டியால் அதைத் தனியாகக் காத்துக்கொள்ள முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துத்தான் காத்துக்கொள்ளும். அப்பத்தா ஒன்றும் பேசாமல் நாலையும் எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்தன. "கூசுது" என்று சிரித்தார்.

பிறகு அட்டைப்பெட்டி, அடியில் காய்ந்த புல், மேலே தாயின் உதிர்ந்த முடி. பஞ்சு வைக்கக் கூடாது, நூல் பிரிந்து காலில் சுற்றிக்கொள்ளும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி. சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பல்பு போடலாம்தான். அந்த ஊரில் காற்றடித்தால் மின்சாரம் இருக்காது.

பால் விஷயத்தில்தான் எனக்கும் அப்பத்தாவுக்கும் தகராறு. ஒரு தம்ளர் ஆட்டுப்பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி பாலேடு கலக்கச் சொன்னேன். சரி என்றார். சர்க்கரை கூடாது என்றேன். முகம் சுளித்தார். காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை என்றேன், கோபமே வந்துவிட்டது. "ரெண்டு வேளையா? பச்சப்புள்ளைய பட்டினி போடவா சொல்றீக?" தாய் கொடுப்பது ஒரு வேளைதான், நம் பால் நீர்த்தது என்பதால் இரண்டாகப் பிரிக்கிறோம் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனால் பேரன் நம்பினான். அவன்தான் நோட்டு போட்டு எழுதினான்.

அளவு இதுதான்: முதல் நாட்களில் ஒரு குட்டிக்கு இரண்டு வேளையும் சேர்த்து சுமார் 5 மில்லி. ஒரு வாரத்தில் 12 முதல் 15. இரண்டாம் வாரக் கடைசியில் 25. மூன்றாம் வாரம் 30. இது உத்தேசக் கணக்கு. சின்ன இனத்துக்குக் குறையும். வயிறு உருண்டால் நிறுத்த வேண்டும், பறை மாதிரி விறைக்கும் வரை போகக் கூடாது. டவுனில் இருப்பவர்கள் பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவையும் பயன்படுத்தலாம்.

பாலாடையை நான் வாங்கி வைத்துவிட்டேன். குழந்தையைப் போல மல்லாத்திக் கடைவாயில் ஊற்றினால் முயல்குட்டிக்குப் புரை ஏறும். ஒரே ஒரு முறை புரை ஏறினால் போதும், பால் நுரையீரலுக்குள் போய், இரண்டு நாளில் சளிக்காய்ச்சலில் முடிந்துவிடும். தாயிடம் குட்டி மல்லாந்துதானே குடிக்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அங்கே அது தானாக உறிஞ்சுகிறது, இங்கே நாம் தள்ளுகிறோம். ஒரு மில்லி சிரிஞ்சை எடுத்து, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, குட்டியை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் ஒரு சொட்டு வைத்தேன். நக்கியது. இன்னொரு சொட்டு. அது நக்கி முடித்த பிறகுதான் அடுத்தது. இரண்டரை மில்லிக்குக் கால் மணி நேரம் ஆனது.

குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெல்ல ஒற்றி மூத்திரம் போகவைக்க வேண்டும். அப்புறம் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான பகுதி. அப்பத்தாவுக்கும் அதுதான் ஆகவில்லை. எடுத்து எடுத்துப் பார்ப்பார், கொஞ்சுவார். தொட்டால் குட்டி முழித்து, தாய் வந்துவிட்டதென்று நெளியும். தேகத்தில் இருக்கிற கொஞ்ச சக்தியும் அதில் போகும். ஜெர்மனியில் ஹட்சன், டிஸ்டெல் என்ற இருவர் முயல்குட்டிகளின் பொழுதைக் கணக்கெடுத்தார்கள். தாய் வரும் நேரத்தைக் குட்டிகள் முன்கூட்டியே அறிந்து, மேலே மூடிய முடியை விலக்கிக்கொண்டு தயாராகிவிடுமாம். மற்ற நேரமெல்லாம் அசையாமல் கிடக்குமாம். அந்த அசையாமைதான் அவற்றின் சேமிப்பு.

நாலில் ஒன்று இரண்டாம் நாளே போனது. அடுத்தது ஐந்தாம் நாள், புரை ஏறி. என் கையால் புகட்டும்போதுதான். மூன்றாவது ஒன்பதாம் நாள் வயிறு உப்பி. இதை மறைக்க விரும்பவில்லை. பிறந்த அன்றே தாயில்லாமல் போன முயல்குட்டியைக் கையால் காப்பாற்றுவது, எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் தோற்கக்கூடிய வேலை. யாராவது உங்களிடம் சுலபம் என்று சொன்னால், அவர்கள் ஒரு குட்டியை மட்டும் வளர்த்தவர்களாக இருப்பார்கள்.

மிஞ்சிய ஒன்று முதல் நாள் 42 கிராம். பூண்டு நிறுக்கும் சின்னத் தராசில் பேரன் நிறுத்து எழுதியது. ஏழாம் நாள் 60. தாயிடம் வளர்ந்திருந்தால் அது எண்பதைத் தாண்டியிருக்கும். 11ஆம் நாள் ஒரு கண் திறந்தது. மறுநாள் இன்னொன்று.

கண் திறந்த பிறகு அடுத்த ஆபத்து. புல் தின்னும் பிராணிக்குக் குடலில் நல்ல கிருமிகள் குடியேற வேண்டும். தாய் பால் கொடுக்க வரும்போது பெட்டிக்குள் நாலைந்து புழுக்கை போட்டுவிட்டுப் போகும். குட்டிகள் அதைக் கொறிக்கும். அசிங்கம் என்று நாம் துடைத்து எடுத்துவிடுகிறோம். அதுதான் அவற்றுக்கு முதல் சீதனம். தாயில்லாக் குட்டிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். நாம் பார்ப்பது உருண்டையானது, காய்ந்தது. இன்னொன்று மெத்தென்று, திராட்சைக் கொத்து மாதிரி, பளபளப்பாக இருக்கும். அதை நாம் பார்ப்பது அபூர்வம், ஏனென்றால் முயல் கீழே விழவிடாமல் தானே வாங்கித் தின்றுவிடும். அந்த மென்புழுக்கையைத்தான் பிடிக்க வேண்டும். அப்பத்தா வீட்டு ஆண் முயலிடம் பேரன் விடியற்காலையில் காத்திருந்து, அது குனியும் நேரம் பார்த்துத் தட்டிப் பறித்தான். அதில் ஒரு பயறளவு எடுத்துப் பாலில் கரைத்து நாலைந்து நாள் புகட்டினோம். "பால்ல பீயக் கலக்குற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அப்பத்தா. எழுத்து வடிவத்தில் இந்த வாக்கியத்தை வெட்ட வேண்டாம் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு)

மூன்றாம் வாரம் காய்ந்த புல்லைக் கொறிக்க ஆரம்பித்தது. நாலாம் வாரம் தீவனக் குச்சி. முட்டைக்கோஸ் இலையும் கேரட்டும் மேல்மலையில் மலிவு என்பதால் அப்பத்தா அள்ளிப்போடப் பார்த்தார். தடுத்தேன். பச்சையும் இனிப்பும் சட்டென்று போனால் அந்த வயிறு தாங்காது. பாலை ஒரேயடியாக நிறுத்தாமல் ஆறாம் வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். கடைகளில் மூன்று வாரக் குட்டியை அழகாக இருக்கிறது என்று கூடையில் வைத்து விற்கிறார்களே, வாங்கிப்போன வாரத்தில் அது கழிந்து சாவதற்குக் காரணம் இதுதான். அதற்கு அப்போது இன்னும் பால் வேண்டும்.

மடிவீக்கம் ஆறிய தாய் பக்கத்துக் கூண்டில்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்துக் குட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோனோம். அப்பத்தாவுக்கு ஒரு ஆசை. தாய் அடையாளம் கண்டு நக்கும் என்று. அது ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தீவனத் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. "கல்நெஞ்சுக்காரி" என்று திட்டிவிட்டு, அதற்கும் ஒரு பிடி புல் கூடவே போட்டார்.

கிளம்பும்போது பேரனிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேதி, காலை எடை, ராத்திரி எடை, பால் எத்தனை மில்லி, மூத்திரம் போச்சா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டு, ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தான். செத்துப்போன மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஒவ்வொன்றிலும் கடைசி எடைக்குக் கீழே ஒரு கோடு. நாலாவது பக்கத்தில், 43ஆம் நாளுக்கு நேரே, எடை போடும் கட்டத்தில் எண் இல்லை. "பெரிய கூண்டுக்கு மாத்தியாச்சு. டி.சி. கொடுத்தாச்சு" என்று சிவப்பு மையில் எழுதி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் போடுவது மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டிருந்தான்.